வண்டியை விற்கும் முன் ஒரு வார்த்தை

உ

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
தை மாதம் 18ஆம் தேதி, வியாழக்கிழமை, 1974

சிரஞ்சீவி கோதண்டபாணிக்கு அம்மா அங்கம்மாள் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை அலமுவும் மாப்பிள்ளை தனசேகரனும் அவர்கள் பிள்ளைகளும் ஏகாம்பரநாதர் வைத்தபடி நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே பூனாவில் நீயும் மருமகள் கங்காவும் பேரனும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கார்டைப் படித்துத் தெரிந்துகொண்டேன், அது அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தின் எழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று நீ யோசிப்பாய். நான்தான் எழுதுகிறேன். எப்போதும் நான் சொல்லச் சொல்ல அலமு எழுதுவாள், இதை மட்டும் அவள் கையால் எழுத வைக்கக் கூடாது என்று தோன்றியது. மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், நிறுத்தியது என் பெரியப்பா, அந்த நாளையும் நான் மறக்கவில்லை, ஆனால் அது இருக்கட்டும். நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துப் படித்துக்கொள்.

இந்த வருஷம் மழை பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் நாலாவது உறையைத் தொட்டு நிற்கிறது. அலமுவின் பெரியவள் மூன்றாவது படிக்கிறாள், கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறாள், சின்னவன் படிப்பில் மட்டம்தான், வாய் மட்டும் அவன் தாத்தா மாதிரி. எதிர்வீட்டு எல்லம்மாள் தன் பேத்திக்கு வளைகாப்பு வைத்துத் தெரு முழுக்கக் கூப்பிட்டாள், நான் போகவில்லை. உனக்குக் காது குத்தியபோது அவள் தலைவலி என்று சொல்லிவிட்டு அன்று மதியமே சின்ன காஞ்சிபுரம் கருட சேவைக்குப் போனாளே, அதை நான் இருபத்தொன்பது வருஷமாக வைத்துக்கொண்டு இருக்கிறேன். அலமு சிரிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். பூனாவில் மார்கழி முடிந்தும் குளிர் விடாது என்று சொல்கிறார்கள், பேரனுக்கு உச்சியில் எண்ணெய் வைக்காமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கங்காவிடம் நான் சொன்னதாகச் சொல். எனக்கு இடது முழங்கால் மட்டும் காலையில் எழுந்ததும் மடங்க மறுக்கிறது, கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடுகிறது.

நீ கார்டில் வண்டியை விற்றுவிடச் சொல்லி எழுதியிருந்தாய். அங்கேயே கம்பெனி வீடு கிடைத்துவிட்டது, இனி ஊருக்கு வந்து இருக்கப் போவதில்லை, வண்டி வீணாக நிற்க வேண்டாம், தேவசகாயத்திடம் சொல்லி ஆள் பார்க்கவும் என்று. அலமு அதை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினாள். ஆள் வந்துவிட்டார். ஆற்காட்டுப் பக்கத்தில் வாத்தியார் வேலை பார்க்கிறவர், நல்ல மனுஷர்தான், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இவ்வளவு நாள் நின்ற வண்டி மாதிரியே இல்லையே என்று சொன்னார். வண்டி உன் பேரில் இருப்பதால் மாற்றிக் கொடுக்க நீ கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த பாரம் இந்தக் கவருக்குள் இருக்கிறது, தேவசகாயம் பென்சிலால் குறி போட்ட இரண்டு இடத்திலும் நீ கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நீ இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட வேண்டும். கோதண்டம், அந்த முகூர்த்தச் சேலையில் பட்ட கறை உன் கையால் பட்டது இல்லை. அது என்னால் பட்டது. எனக்கு அன்றைக்கே தெரியும். ஏழு வருஷமும் ஐந்து மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை.

எழுதிவிட்டேன், இனி அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அந்த வண்டியை முதல் நாளில் இருந்தே எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். வேலூரில் ஓய்வு பெற்றுப் போன ஒரு போலீஸ்காரரிடம் இருந்து அந்த புல்லட்டை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாயே, அந்தச் சத்தத்தில் தறிக் குழியில் உட்கார்ந்திருந்த உன் நைனா இழை ஓட்டுகிற நாடாவைக் கை தவற விட்டுவிட்டார், இழை அறுந்தது. அன்றைக்கே நான் அதன் மேல் கறுவிக்கொண்டேன். நீ தறியில் உட்காராமல் ரங்கசாமி குளத்துப் பக்கம் தேவசகாயத்தின் மெக்கானிக் ஷெட்டுக்கு வேலைக்குப் போனதற்கும் அந்த வண்டிதான் காரணம் என்று தேவசகாயத்தை வாசல்படி ஏற விடாமல் வைத்திருந்தேன். நீயோ லீவு கிடைத்தால் போதும், திருப்பதி, பெங்களூர், மைசூர், ஒரு தரம் ஹம்பி வரைக்கும் போய்விட்டுச் சிவப்பு மண்ணோடு வந்து நின்றாய், நான் உன்னை அடையாளம் தெரியாமல் யாரப்பா வேணும் என்று கேட்டேன். போகிறதுக்கு முந்தின நாளே பின்கட்டில் கிணற்றோரம் சாக்கை விரித்து வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவாய். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடுவாய், பிளக்கை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பாய், பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுவாய். உனக்குச் சோறு போட்டு நாலு தரம் கூப்பிட வேண்டும்.

அந்த ஆவணியில் உன் நைனா உன்னோடு கன்னியாகுமரிக்கு வர ஒத்துக்கொண்டார். ஒரே இடத்தில் நின்றுகொண்டு சூரியன் உதிக்கிறதையும் மறைகிறதையும் பார்க்கலாமாமே என்று யாரோ சொல்லக் கேட்டு அவருக்கு ஆசை வந்துவிட்டது. திருப்பதியைத் தாண்டி எங்கேயும் போகாத மனுஷர், மங்கி குல்லாவும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டு வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். நீ அவரைச் செவிலிமேடு வரைக்கும் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தாய். திரும்பி வந்தவர், இவன் நல்லாத்தான் ஓட்றான்டீ, பள்ளம் வந்தா முன்னாடியே சொல்றான் என்று என்னிடம் சொன்னார். எனக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வண்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் நீயும் வரியா என்று வாய் வார்த்தைக்காவது ஒருத்தர் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் நான் வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. இது ஒரு காரணமா என்று நீ கேட்பாய். அப்போது அதுதான் என் வயிற்றில் எரிந்துகொண்டு இருந்தது, அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் மறுபடியும் பொய் சொல்கிறவள் ஆவேன்.

ஆவணி ஆறாம் தேதி திங்கட்கிழமை. வியாழக்கிழமை நீங்கள் கிளம்புவதாக இருந்தது. முந்தின நாள் நீ எண்ணெய் மாற்றிவிட்டு, இறக்கிய பழைய எண்ணெயை டின்னோடு கிணற்றோரம் வைத்திருந்தாய். காலையில் நான் ஊடை நூலைக் குச்சியில் தார் தாராகச் சுற்ற ராட்டையில் உட்கார்ந்தேன். கதிர் கிறீச் கிறீச்சென்று கத்தியது, எப்போதும் விடுகிற விளக்கெண்ணெய் தீர்ந்து போயிருந்தது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டுக்கொண்டு, எண்ணெய்தானே, இதுவும் வழுவழுப்பாகத்தானே இருக்கிறது என்று உன் டின்னில் கோழி இறகைத் தோய்த்து ராட்டைக் கதிருக்கு இரண்டு பக்கமும் விட்டேன். கத்தல் நின்றது. நன்றாகச் சுழன்றது, அப்படி ஒரு நாளும் சுழன்றதில்லை. நானும் மனசுக்குள் மெச்சிக்கொண்டு ஐந்து தார் சுற்றிக் கொடுத்தேன். உன் நைனா அதை வைத்து அந்த வெந்தய நிறச் சேலையின் கடைசி இரண்டு முழத்தை நெய்தார். எண்ணெய் பட்டது பட்டில் உடனே தெரிவதில்லை, நேரம் போகப் போகத்தான் பரவுகிறது, அதற்குள் நெய்த துணி படமரத்தில் சுருண்டு போய்விட்டது. நடுவில் நீ ஒரு தரம் தறியண்டை வந்தாய். பின் சீட்டுக்கு நீயே தைத்த மெத்தையைக் காட்டி, நைனா, உனக்கு இடுப்பு வலிக்காதபடி பஞ்சு வச்சு தெச்சிருக்கேன், உக்காந்து பாரு என்று சொன்னாய். அதற்கு முன்னால் கிணற்றடியில் சீயக்காய் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாய். செம்பில் தண்ணீர் ஊற்றியது நான்.

மதியம் சேலையை அறுத்து எடுத்துக்கொண்டு உன் நைனா முதலாளி பரசுராமன் வீட்டுக்குப் போனார். பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொன்னவர் அவர்தானே. அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. அங்கே இருந்த நாலு நெசவாளிகள் முன்னால் முதலாளி சேலையை விரித்துப் போட்டு, இன்னாய்யா இது, கல்யாணச் சேலையா, வண்டி தொடைக்கிற துணியா என்று கேட்டாராம். இருபத்தாறு வருஷத்தில் உன் நைனா கையில் இருந்து போன சேலையில் ஒரு குறை சொன்னது கிடையாது. அடுத்த பாவு கிடையாது என்று வேறு சொல்லி அனுப்பிவிட்டார். வந்த வேகத்தில் யார் தறிகிட்ட வந்தது என்று கத்தினார். நான் சொன்னேன், உங்க புள்ளைதான் காலையில வண்டி கையோட வந்து நின்னான், வேற யாரு என்று. யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. நீ ஓடி வந்து, நான் கை கழுவிக்கினுதாம்மா வந்தேன், நீதானே தண்ணி ஊத்துன என்று என்னைப் பார்த்துச் சொன்னாய். உன் காது குத்தலுக்கு வராதவள் பேரை இன்றைக்கும் சொல்கிற எனக்கு, அன்று காலையில் ஊற்றிய தண்ணீர் மறந்து போகுமா. நான் பேசாமல் நின்றேன். உன் நைனா உன்னை அடித்தார். வளர்ந்த பிள்ளையைத் தெரு பார்க்க அடித்தார். நீ கையைக்கூடத் தூக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாய்.

அன்று சாயங்காலம் வேலை ஒன்றும் ஓடாமல் ராட்டையில் போய் உட்கார்ந்தேன். கதிரைத் தொட்ட விரல் கறுப்பாக இருந்தது. மிச்சம் இருந்த தாரைப் பிரித்துப் பார்த்தேன், நூலில் ஒரு சாண் விட்டு ஒரு சாண் கறுப்புப் புள்ளி. உன் நைனா சேலையில் பார்த்ததும் அப்படித்தானாம், கோலப் புள்ளி மாதிரி வரிசையாக. கைபட்ட கறை என்றால் திட்டாகத்தான் இருக்கும், வரிசையாக இருக்காது. கோபம் இல்லாமல் யார் பார்த்திருந்தாலும் அது நூலோடு வந்த கறை என்று சொல்லியிருப்பார்கள். நான் எழுந்து போய் மண்ணெண்ணெய்த் துணி கொண்டு வந்து கதிரைத் துடைத்தேன். சாம்பல் போட்டுத் துடைத்தேன். தாரை அடுப்பில் போட்டேன். பிறகு எதிர்வீட்டில், அதுவும் எல்லம்மாளிடம், விளக்கெண்ணெய் கேட்டு வாங்கி விட்டேன். காலையில் வாயில் வந்தது தெரியாமல் வந்தது என்று சாமியிடம் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் துடைத்த வேலைக்கு நான் என்ன சொல்வது. அதற்கு அப்புறமும் நீ இரண்டு நாள் வீட்டில்தான் இருந்தாய். யாரோடும் பேசவில்லை, சோறு போட்டால் தின்றாய். புதன்கிழமை டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு, வண்டியாலதானே எல்லாம் வந்துச்சு, அது இங்கியே கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்து போனாய். நடந்து போனாய், வண்டி வாசலில் நிற்கும்போது. நான் ஒரு வார்த்தை கூப்பிட்டு இருந்தால் தெருமுனையில் திரும்பியிருப்பாய். கூப்பிடவில்லை.

வண்டியை உன் நைனா பின்கட்டு கொட்டகையில் தள்ளிப் படுதா போட்டு மூடிவிட்டார், யாரும் தொடக் கூடாது என்றார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் படுதாவைத் தூக்கிப் பார்த்தேன், சைலென்சருக்குள் எலி கூடு கட்டியிருந்தது, வெள்ளி மாதிரி இருந்த இடமெல்லாம் செம்புள்ளி. விளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு அரை நாள் தேய்த்தேன். அது சரியா தப்பா என்று கேட்க யாரும் இல்லாமல், நாலு வருஷமாக வாசல்படி ஏற விடாத தேவசகாயத்தின் ஷெட்டுக்கு நானே போய் நின்றேன். அவன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். அக்கா, இது இன்னா குத்துவிளக்கா, முலாமை எல்லாம் சொறண்டி வச்சிருக்கியே, இன்னும் ரெண்டு வாட்டி தேய்ச்சா டேங்க்ல ஓட்டையே வுழும் என்று கத்தினான். எனக்கு வந்த கோபத்துக்கு வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொண்டேன். டேங்கில் பெட்ரோல் நிற்க விடக் கூடாது. சக்கரம் இரண்டும் தரையில் படாதபடி கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கம் அமுங்கி வெடிக்கும். மாதம் ஒரு தரம் பிளக்கைக் கழற்றி உள்ளே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக நாலு சுற்று அழுத்த வேண்டும், இல்லையென்றால் உள்ளே பிஸ்டன் துருப்பிடித்துக்கொள்ளும். சைலென்சர் வாயில் துணி அடைக்க வேண்டும். செயினில் கிரீஸ் காயக் கூடாது. உன் நைனா தறியில் இருக்கும்போது ஒவ்வொரு அமாவாசைக்கும் இதையெல்லாம் செய்தேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தேன். அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். அலமு பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது, அண்ணன் மேல இருக்கிற பாசத்துல செய்யறியாம்மா என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். பயத்தினால் செய்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. அந்த வண்டி கெட்டுப் போய்விட்டால் நீ திரும்பி வர ஒரு வழி அடைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் மிகவும் கஷ்டமானது. உன் நைனா மாசியில் படுத்த படுக்கையானபோது, உனக்குத் தந்தி கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால், கஞ்சி கொடுத்துக்கொண்டு இருந்தேன். திடீரென்று, ஏண்டீ, அன்னிக்கு அவன் கை கழுவிக்கினுதானே வந்தான் என்று கேட்டார். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஐந்து வருஷமாக அந்த மனுஷர் அதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, பழசை எல்லாம் இப்ப எதுக்கு, வாயைத் திறங்க என்று சொன்னேன். அவர் வாயைத் திறந்து குடித்தார். நீ ரயிலில் வந்து இறங்கியபோது அவருக்குப் பேச்சு போய்விட்டது. உன் கையைப் பிடித்து விரல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாரே, நீ அழுதாய், நான் மட்டும் அது என்ன என்று தெரிந்து நின்றேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ கிளம்பினாய், கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. உன் நைனா போன பிறகு இதைச் சொன்னால் உனக்கு அவரும் இல்லாமல் நானும் இல்லாமல் போய்விடுமே என்று பயம்.

உன் கார்டு வந்த பிறகு தேவசகாயம் வண்டியைத் தயார் செய்ய வந்தான். படுதாவை எடுத்து, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, கிளட்ச் கேபிள் புதிதாகப் போட்டு, பேட்டரி கொண்டு வந்து வைத்தான். பழைய எண்ணெயை டின்னில் இறக்கினான். அந்த வாசனை வந்ததும் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். கிணற்றடியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன், இத்தனை வருஷத்தில் முதல் முதலாக ஒருத்தரிடம் சொன்னேன். அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, தெரியும்க்கா என்றான். கோதண்டம் போன மறுவாரம் அவன் டூல்ஸை எடுத்துக்கினு போகப் பின்கட்டு வழியா வந்தேன், உன் ராட்டைக்குக் கீழ தரையில எஞ்சின் எண்ணெய் சொட்டு இருந்துச்சு, எனக்குத் தெரியாதா அந்தக் கறுப்பு என்றான். ஏண்டா சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நம்பியிருப்பியா, குடும்பத்தைக் கலைக்க வந்தான்னு வெளக்கமாத்தால அடிச்சிருப்பே என்றான். உண்மைதான். ஒரு ஆளை வாசல்படி ஏற விடாமல் வைத்தால் அவன் சொல்ல வேண்டிய வார்த்தையும் வாசலுக்கு வெளியேதான் நிற்கும் என்று அன்றைக்குப் புரிந்தது.

முதலாளி பரசுராமன் இப்போது தொழிலை விட்டுவிட்டு வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், உன் நைனா வேலையில் குறை இல்லை, உன் பேரிலும் குற்றம் இல்லை என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது எனக்கு. தேவசகாயமும் வண்டியைக் கைமாற்றும் முன் பத்து மைல் ஓட்டிப் பார்த்தால்தான் நிச்சயம் சொல்ல முடியும் என்றான். மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியும். நானே பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்றேன். அலமு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிள்ளைகள் ஆயா ஆயா என்று குதித்தார்கள், எதிர்வீட்டில் இருந்து எல்லம்மாள், இன்னா அங்கம்மா, ரேஸுக்கா என்று கேட்டாள். ஆமாண்டீ, உன்னை ஏத்திக்க எடமில்லைன்னு சொல்லு மாப்ளே என்று சொல்லிவிட்டுப் புடவையைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தேன். மாப்பிள்ளை ஹெட்லைட் மேல் இருக்கிற ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, அப்புறம் ஓங்கி ஒரு உதை விட்டார், மூன்றாவது உதையில் எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை நான் எத்தனை திட்டியிருக்கிறேன். அய்யம்பேட்டை வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு திறந்தேன். புளியமரம் ஒவ்வொன்றாக வந்து தலைமேல் கவிந்து போய்க்கொண்டு இருந்தது, காற்றில் கண்ணில் தண்ணீர் வழிந்தது, அழுகையா காற்றா என்று எனக்கே தெரியவில்லை. மாப்ளே, மெதுவாப் போ என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. முத்தியால்பேட்டையில் நிறுத்தி, தேவசகாயம் சொல்லி அனுப்பியபடி பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார், வறுத்த தனியா நிறத்தில் இருந்தது, அப்படி இருந்தால் உள்ளே எல்லாம் சரியாக எரிகிறது என்று அர்த்தமாம். இந்த மரத்தையும் காற்றையும்தான் நீ உன் நைனாவுக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போக இருந்தாய். இதைத்தான் நான் தடுத்தேன்.

முதலாளிக்குக் கண் பாதி மறைத்துவிட்டது, காது கேட்கிறது. பேரைச் சொன்னதும் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், மாப்பிள்ளை கேட்டுக்கொண்டு இருந்தார், அவருக்கும் அப்போதுதான் தெரியும். சொல்லி முடித்து முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, எந்தச் சேலைம்மா என்று கேட்டார். நம்ம கையில எத்தினி சேலை வந்துச்சு, எத்தினி போச்சு. கறை பட்டுதா, அப்போ அரக்குச் சாயத்துல முக்கி எடுத்து வித்திருப்போம், அதெல்லாம் நடக்கிறதுதான். உன் வீட்டுக்காரரு நல்ல வேலைக்காரராச்சே, ஏன் அப்புறம் நம்மகிட்ட வரவேயில்லை. இதுக்கா இம்மாந்தூரம் வண்டில வந்தே, காபி சாப்புடு என்றார். காபி சாப்பிட்டேன், கோதண்டம். வேறு என்ன செய்வது. அந்தச் சேலையை யாரோ ஒருத்தி அரக்கு நிறத்தில் கட்டிக்கொண்டு கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, அது பள்ளிக்கூடம் போய்க்கொண்டு இருக்கும். ஒரு நாள் சாயத்தில் போகிற கறைக்கு நான் உன் நைனாவிடம் இருந்து உன்னைப் பிரித்துவிட்டேன். மாப்பிள்ளை வண்டியைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் இறங்கியதும், அத்தே, நீங்களே அவருக்கு எழுதிடுங்க என்று மட்டும் சொன்னார். அலமுவிடம் நானே சொன்னேன், இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள், இப்போது பேசுகிறாள்.

நான் உன்னிடம் மன்னிப்பு கேட்க இதை எழுதவில்லை, கேட்கிற இடத்தில் நான் இல்லை. வண்டி ஓடுகிறது. நீ பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஆற்காட்டு வாத்தியாரிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் நன்றாக வைத்துக்கொள்வார், எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுப்பேன். கிழித்துப் போட்டால் வண்டி கொட்டகையில் இருக்கும், நீ வந்து எடுத்து பூனா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாலும் சரி. இரண்டில் எது செய்தாலும் உன் இஷ்டம், ஆனால் வண்டியால் வந்தது என்று நினைத்துக்கொண்டு விற்காதே, அது ஒன்றும் செய்யவில்லை. இன்னொன்று, நீ இளகிய மனசுக்காரன், உன் நைனா மாதிரி. பரவாயில்லைம்மா, பழசை விடு என்று ஒரு வரி கார்டில் எழுதிப் போட்டுவிடுவாய். அப்படி எழுதாதே. எனக்கு வருகிற கோபத்தை எல்லாம் வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவள் நான், பெரியப்பா மேல், எல்லம்மாள் மேல், தேவசகாயம் மேல், அவர்களில் யாரும் உனக்கு நான் செய்ததில் நூற்றில் ஒன்று எனக்குச் செய்யவில்லை. உனக்கு என் மேல் கோபம் வந்தால் அதை வைத்துக்கொள், அது உன்னுடையது, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். கோபத்தோடு எழுது, நாலு பக்கம் எழுது, எழுத்துக்கூட்டியாவது நானே படித்துக்கொள்கிறேன், அலமுவிடம் கொடுக்க மாட்டேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம், நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். பேரனுக்கு உச்சி எண்ணெய் மறக்க வேண்டாம். பாரத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு, சாதாரணத் தபாலில் போட்டால் தொலைந்துவிடும் என்று தேவசகாயம் சொல்லச் சொன்னான்.

இப்படிக்கு,
உன் கையில் தண்ணீர் ஊற்றிய
அம்மா அங்கம்மாள்